மஞ்சூரில் மூன்றே கால் மணி நேரம்

கெத்தை இறக்கத்தில்
குட்டியோடு நிற்கிறதாம் யானை.
டைம் கீப்பர் ஆல்துரை
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
"அது நகர்ந்தால் கோயமுத்தூர் வண்டி" என்றார்.
எத்தனை மணிக்கு நகரும் என்று ஒருவர் கேட்டார்.
ஊருக்குப் புதிது.

எடையளவு முத்திரை ஆய்வாளர் நான்.
பையில் ஒரு கிராம் முதல் இரண்டு கிலோ வரை
பித்தளைப் படிக்கற்கள்
வெல்வெட் பள்ளங்களில் படுத்திருக்கின்றன.
நேற்று ஏழு கொழுந்துக் கிடங்குகள்,
ஒன்றில் சண்டை.
இன்று சனிக்கிழமை.
எந்தத் தராசும் எனக்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் காய்கறிக் கடைக்காரிக்கு அது தெரியாது.
பையைப் பார்த்தாள்,
தட்டை முந்தானையால் துடைத்தாள்,
கால் கிலோ காரட்டுக்கு மேல்
ஒன்று கூடுதலாக வைத்தாள்.
பயமா பிரியமா, கேட்கவில்லை.
மண் வாசனையோடு கடித்துக்கொண்டு
மேட்டில் ஏறினேன்.

எட்டரை ஆகியும்
வேலி நிழல் விழுந்த இடத்தில் மட்டும்
உறைபனி.
செருப்பைக் கழற்றி
ஒரு அடி வைத்துப் பார்த்தேன்.
நாற்பத்தாறு வயதில்
வீதியில் கத்தியது இதுதான் முதல் முறை.
கருகிய கொழுந்தைக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தவர்
நிமிர்ந்து,
"சுடுதா?" என்றார்.
ஆமாம், சுட்டது.

ஒன்பதுக்குத் தபால் ஆபீஸ் திறந்தது.
ஐம்பது பைசா அட்டை ஒன்று வாங்கி
என் விலாசத்துக்கே எழுதினேன்:
"நலம். யானை நலம். வண்டி இல்லை."
புஷ்பராணி என்று பலகை வைத்திருந்த பெண்
அதைப் படித்துவிட்டு, படிக்காதது போல
முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.
நானும் முத்திரை குத்துகிறவள்தான்.
என் சுத்தியலுக்கு அந்த ஓசை வராது.
"சரியா விழல, இன்னொண்ணு குத்தவா?"
குத்துங்கள் என்றேன்.
இரண்டாவதற்காகவே.

மாதா கெபிக்குப் பின்னால் நின்றால்தான்
சிக்னல்.
நின்றதும் தமயந்தி குரல் வந்து விழுந்தது,
நேற்று அவளுடைய மதியத்தில் பேசியது.
கனடாவின் வடகோடியில் நர்ஸ் வேலைக்குப் போகும் வழியில்
எண்ணெய் போட இறங்கிய விமானம்
பனிமூட்டத்தில் மாட்டிக்கொண்டதாம்.
ஊர்ப் பெயரை மூன்று முறை சொல்கிறாள்,
மூன்று தடவையும் வேறு வேறாகக் கேட்கிறது.

"சும்மா உட்கார முடியலக்கா.
நடந்தே ஊருக்குள்ள வந்துட்டேன், பத்து நிமிஷம்.
கடல் இருக்கு, மேல நடக்கலாம், அவ்வளவு கெட்டி.
ஒரு அம்மா கையுறை தைச்சிட்டிருக்காங்க,
என் கையைப் பிடிச்சு அளவு பாத்தாங்க,
அளவு நாடாவே இல்லாம.
இப்பவே இருட்டுது. மணி ரெண்டுதான்.
நாய் ஒண்ணு கூடவே வருது."

நாய் இங்கே இல்லை.
மஞ்சு மட்டும் பள்ளத்திலிருந்து ஏறிவந்து
முதலில் தேயிலைத் தொழிற்சாலைக் கூரையை,
பிறகு பஸ் நிலையத்தை,
பிறகு என் முழங்கைக்குக் கீழே எல்லாவற்றையும்
எடுத்துக்கொண்டது.
பதிலுக்கு என்ன சொல்ல?
போனை வாயருகே பிடித்து
மிச்சமிருந்த காரட்டைக்
கடைசிவரை கடித்து மென்று
நாற்பது விநாடி
அனுப்பிவைத்தேன்.
அளவு நாடா இல்லாமல் எடுத்த அளவு
பொருந்தியதா என்று கேட்க மறந்துபோனேன்.

பதினொன்றே முக்காலுக்கு ஹாரன்.
இருபத்தேழாவது வளைவில்
தார் நடுவே லத்தி,
ஆவி இன்னும் அடங்கவில்லை.
டிரைவர் அதை மிதிக்காமல்
ஒதுக்கி ஓட்டினார்.
எல்லோரும், அந்தப் புதியவரும்,
ஒரே ஜன்னல் பக்கமாகச் சாய்ந்தோம்.
மூங்கில் அசைந்ததா, காற்றா,
யாராலும் சொல்ல முடியவில்லை.
வண்டி இடப்பக்கம் கனத்துப்
பள்ளத்தைப் பார்த்தபடி
மெல்ல இறங்கியது.